நாக்பூருக்கு ஒதுக்கிய பக்கம்

ஹலீமா பீ மவுத்தாகி ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் அவளுடைய புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆள் மாற்றி ஆள் வந்து என் கதவைத் தட்டுகிறார்கள். அவள் உயிரோடு இருந்தபோது, "பொழுதுபோகாத பொம்பளை, தீப்பெட்டிப் படம் ஒட்டிக்கினு கெடக்குறா" என்று வாயைக் கோணிய அதே ஜனங்கள்தான். பார்க்கட்டும், நான் ஒன்றும் மறைக்கப் போவதில்லை. ஆனால் கடைசிப் பக்கம் வந்ததும் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இன்னா இது, தோல் துண்டு?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. இப்போது ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பேச்சு உருது. எல்லாருக்கும் விளங்க வேண்டுமே என்று தமிழில் சொல்கிறேன்.

நான் முனவ்வர் பேகம், ஹலீமாவின் பக்கத்து வீடு. ஆம்பூரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நடுச்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. பெண்கள் தெருவில் கால் வைக்காமலே ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போய்வந்துவிடலாம். அந்தக் கதவு வழியாகத்தான் எனக்கும் அவளுக்கும் முப்பது வருஷத்துப் பழக்கம். சண்டை போட்டதும் அதே கதவில்தான். என் ஊறுகாயில் உப்பு ஜாஸ்தி என்று அவள் சொன்னதற்காக ஒரு மாதம் அதைத் தாழ்ப்பாள் போட்டு வைத்தேன். அவள் சொன்னது உண்மைதான் என்பது வேறு விஷயம்.

பேரணாம்பட்டிலிருந்து திரை கட்டிய மாட்டு வண்டியில் கல்யாணமாகி வந்தாள். அவள் செய்த நீண்ட பயணம் அது ஒன்றுதான். அவளுக்கு வாய்த்த புருஷனுக்கோ காலில் சக்கரம். சத்தார் பாய், தோல் கிடங்கு முதலாளி ஒருவருக்காக ஊர் ஊராய்ப் போய்ப் பச்சைத் தோல் பொறுக்கி வாங்குகிறவர். ஹைதராபாத், கான்பூர், கல்கத்தா என்று ரயிலேறினால் திரும்பி வர மாதக்கணக்காகும். பிள்ளை குட்டி இல்லை. கூட இருந்தது சத்தாரின் விதவை அக்கா அன்வரி பேகம்; நாங்கள் எல்லாரும் ஆபா, அக்கா, என்று கூப்பிடுவோம். அவளோடு ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளுவது என்றால் லேசுப்பட்ட காரியமா?

முதல் பயணம் முடிந்து வந்தபோது சத்தார் பாய் தன் புகையிலை டப்பாவைத் திறந்து பாயில் கவிழ்த்தாராம். கல்கத்தா டிராம் வண்டிச் சீட்டு ஒன்று, தீப்பெட்டி மேல் ஒட்டிய கப்பல் படம் ஒன்று, சீமைத் துணி மூட்டையிலிருந்து உரித்த வர்ணப் படம் ஒன்று. "உனக்குன்னு எடுத்தாந்தேன்" என்றாராம். வேறு எவளாக இருந்தாலும், புடவை எங்கே, வளையல் எங்கே என்று கேட்டிருப்பாள். இவள் அந்தக் குப்பையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். அடுத்த தடவை அவர் ஒரு துணிக்கடையில் கழித்துப் போட்ட பழைய மாதிரிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். தடித்தடியான அட்டைப் பக்கங்கள். கிடங்கில் கெஞ்சி வாங்கிய ஆட்டுத் தோலில் அவரே அதற்கு மேலட்டை போட்டார். போட்டுவிட்டு, தோலின் ஓரத்தில் கத்தியால் அடுத்தடுத்து மூன்று வெட்டு வெட்டினார்.

"இன்னாத்துக்கு நல்ல தோலை வெட்டுறீங்க?" என்று ஹலீமா கேட்டாள்.

"என் சரக்குன்னு தெரிய வேணாமா?" என்றார்.

அதை விளக்கிவிடுகிறேன். பச்சைத் தோல் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள வெட்டு உண்டு. தான் பொறுக்கிய தோலின் வால் பக்கத்து ஓரத்தில் அதைப் போட்டுவிட வேண்டும். சுண்ணாம்பில் ஊறினாலும் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் கிடந்தாலும் வெட்டு அழியாது. தோலில் ஓட்டை இருந்தாலோ அழுகல் இருந்தாலோ யாரைப் பிடித்துத் திட்டுவது என்று முதலாளிக்கு உடனே தெரிந்துவிடும். சத்தாருடையது மூன்று வெட்டு. கைத்தடியில், செருப்பில், ஒரு தடவை அன்வரியின் பாக்குவெட்டிப் பிடியில்கூட வெட்டி வைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஹலீமா புத்தகம் ஒட்டுவது ஒரு முறையோடு நடக்கும். அவர் ரயிலேறும் அன்றே அடுத்த பக்கத்தின் தலைப்பில் ஊர்ப் பெயரை உருதுவில் எழுதிவிடுவாள். பக்கம் வெறுமையாகக் காத்திருக்கும். அவர் திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டதும், மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையை எடுத்துக்கொண்டு எதிரே உட்காருவாள். அவர் பயணத்தைச் சொல்லச் சொல்லத்தான் ஒட்டுவாள். சொல்லாமல் ஒரு தீப்பெட்டிப் படம்கூடப் பக்கத்தில் ஏறாது. நடுநடுவே "அப்புறம்?" என்று ஒரு கேள்வி. எங்கள் வீடு வரைக்கும் கேட்கும்.

"பெஜவாடா வர்றதுக்கு முன்னாடி தூங்கிட்டேன்."

"கிருஷ்ணா ஆத்துப் பாலத்தைப் பார்க்காமயா தூங்குனீங்க?"

"அடியே, நீதான் போய்ட்டு வந்த மாதிரி பேசுற!"

"பின்ன? நீங்க போறது எனக்கும் சேர்த்துதானே. கண்ணைத் தொறந்து வெச்சிக்கினு போங்க. அப்புறம்?"

இதில் அன்வரி ஆபாவுக்கு மட்டும் தீராத எரிச்சல். முகம் உள்ள படம் இருக்கும் வீட்டுக்கு மலக்குகள், வானத்துத் தூதர்கள், வரமாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பேஜார் பண்ணினாள். ஹலீமா எதிர்த்துப் பேசவில்லை. முகம் இருந்த ஒவ்வொரு படத்தின் மேலும் சின்னக் காகித மூடி ஒன்று ஒட்டினாள்; தூக்கினால் முகம், விட்டால் வெறும் காகிதம். ஹலீமா சமையலறையில் இருக்கும் நேரம் பார்த்து அன்வரி ஆபா அந்த மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொல்லிக் காட்டவில்லை. எனக்கும் எப்போதாவது உதவும் என்று மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

ஜெர்மன் சண்டை முடிகிற வருஷம் வந்தது. பட்டாளத்துக்காரர்களின் பூட்ஸுக்குத் தோல் வேண்டும், கொண்டா கொண்டா என்று கிடங்குகளில் ஓயாத வேலை. சத்தார் பாய் நாக்பூருக்குக் கிளம்பினார். ஹலீமா பக்கத்தின் தலையில் நாக்பூர் என்று எழுதினாள். கூட நிசார் அஹமது என்று ஒரு வாலிபனும் போனான். அந்த வருஷம்தான் விஷ ஜுரம் வந்தது. நம் ஊரிலேயே ஜனாஸா தூக்க ஆள் கிடைக்காத காலம். நாக்பூரிலிருந்து முதலாளிக்குத் தந்தி வந்தது. சத்தார் பாய் போய்விட்டார். அங்கேயே அடக்கமும் பண்ணிவிட்டார்கள்.

நிசார் பிழைத்து வந்தான். எலும்பும் தோலுமாக வாசல் திரைக்கு வெளியே நின்றான். கை வெறுமையாக இருந்தது.

"நாங்க தங்கியிருந்த முசாபர்கானாவுல எல்லாத்தையும் கொளுத்திட்டாங்கம்மா. பெட்டி, படுக்கை, சட்டை, எதையும் விடல. ஜுரம் ஒட்டிக்குமாம். அந்தப் புகையிலை டப்பாவையும் நெருப்புல போட்டுட்டாங்க."

ஹலீமா திரைக்கு உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கடைசி நாள் எப்படி இருந்தாரு? இன்னா பண்ணாரு?" என்று கேட்டாள்.

"நான் அவருக்கு முன்னாடியே விழுந்துட்டேன். கண்ணு முழிச்சப்போ எல்லாம் முடிஞ்சிபோச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

அவன் என்ன செய்வான், பாவம். ஆனால் ஹலீமாவின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனிதன் எப்படிப் போனான் என்று சொல்ல ஒரு வாய் கூடவா இல்லை? கப்ரைப் போய்ப் பார்க்க முடியாது, அவர் போட்டிருந்த சட்டை இல்லை, சேர்த்து வைத்த டப்பாவும் இல்லை. அத்தனை ஊரும் ஒட்டிய புத்தகத்தில் நாக்பூர் மட்டும் பெயரோடு நிற்கிறது. அந்தப் பயணத்திலிருந்து ஏதாவது ஒன்று, ஒரே ஒன்று, தன் கைக்கு வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"வாங்குன சரக்கு?" என்று திரைக்குள்ளிருந்து கேட்டாள்.

"அதை ரயில்ல ஏத்தியாச்சு. சண்டையால வேகன் கெடைக்கல, மெதுவாத்தான் வரும்."

அன்று மாலையே முதலாளிக்குச் சொல்லி அனுப்பினாள்: நாக்பூர்ச் சரக்கு வந்து பதமானதும் அதில் ஒரு தோல் எனக்கு வேண்டும். அவரும் தாராளமாகக் கொடுக்கிறேன் என்றார். ஏன் வேண்டும் என்று இவள் சொல்லவில்லை. புருஷன் கடைசியாக வாங்கிய சரக்கு, ஆசைப்படுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அங்கேதான் தப்பு நடந்தது.

அவள் இத்தாவில் இருந்தாள். புருஷன் இறந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. வெள்ளைத் துப்பட்டாவோடு உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக் கதவைக்கூட அவள் தாண்டவில்லை, நான்தான் போய் உட்காருவேன். சரக்கு வந்துவிட்டதா, சுண்ணாம்பிலிருந்து எடுத்தார்களா, பட்டைத் தண்ணீரில் போட்டார்களா என்று செல்லம்மாளைப் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பாள். செல்லம்மாள் கிடங்கில் கூட்டிப் பெருக்குகிறவள், எருமைக்குக் கஞ்சித் தண்ணீர் வாங்க தினமும் இங்கே வருவாள். "ஊறுது பீபிம்மா, ஊறுது. நீங்க கேட்டா சீக்கிரம் ஊறிடுமா?" என்று சிரிப்பாள். ஹலீமாவுக்கும் அப்போது லேசாகச் சிரிப்பு வரும்.

இத்தா முடிய இன்னும் சில வாரம் இருக்கும்போது ஒரு நாள் காலை, கிடங்கு மேஸ்திரி அமீர் பாஷா தோலைக் கொண்டுவந்தார். வெள்ளைத் துணியில் சுற்றி, செல்லம்மாள் தலையில் தூக்கி வைத்திருந்தாள். மேஸ்திரி திரைக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த லாட்டுலயே இதுமாதிரி தோல் இல்லம்மா. நானே பொறுக்குனேன். என் கையால எண்ணெய் தேய்ச்சேன். சத்தார் என் தோஸ்து" என்றார்.

செல்லம்மாள் உள்ளே வந்து விரித்தாள். சொல்லக்கூடாது, அப்படி ஒரு தோலை நான் பார்த்ததில்லை. தேன் நிறம், ஒரு கீறல் கிடையாது, ஓரமெல்லாம் வழித்தெடுத்த மாதிரி சுத்தம். ஹலீமா கிட்டே போய் உட்கார்ந்தாள். தலைப் பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை. நேராக வால் பக்கத்து ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவினாள். திரும்பவும் தடவினாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள்.

"வெட்டிட்டாங்க, முனவ்வர்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீமைக்குப் போகும் தோலை ஓரம் வெட்டிச் சீராக்கித்தான் கட்டுவார்கள். ஓரம் வெட்டாத தோலை ஒரு வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. பாவம் அந்த மேஸ்திரி, தோஸ்தின் பெண்ஜாதிக்குக் கொடுப்பதாயிற்றே என்று சீமைச் சரக்கைவிட ஒரு விரல் ஜாஸ்தியாகவே வெட்டியிருக்கிறார். அவள் கேட்டது அந்த ஓரத்தைத்தான்.

"பாய், வெட்டுன ஓரமெல்லாம் எங்க?" என்று ஹலீமா திரையைப் பார்த்துக் கேட்டாள்.

மேஸ்திரிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும், "யா அல்லா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பதில் சொன்னது செல்லம்மாள்.

"அது குப்பையா சேர்த்து வெச்சிருந்தது பீபிம்மா. இன்னிக்கித்தான் செங்கல் சூளைக்குப் போவுது, எரிக்கிறதுக்கு. நாங்க வரும்போதே சின்னசாமி வண்டி கட்டிக்கினு இருந்தான்."

ஹலீமா எழுந்தாள். ஆணியில் தொங்கிய புர்காவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அன்வரி ஆபா ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டாள்.

"உனக்குப் பைத்தியமா? இத்தாவுல இருக்குற!"

"விடுங்க ஆபா."

"நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? வாசலைத் தாண்டுனா அந்தப் பாவம் என் தம்பி தலையிலயும் விழும்!"

"உங்க தம்பி கை பட்டது எரியப் போவுது, ஆபா. அவருது எல்லாத்தையும் ஒருதரம் எரிச்சாச்சு. இதையுமா?"

அன்வரி ஆபா கையை வாசல் சட்டத்திலிருந்து எடுக்கவில்லை. ஹலீமாவும் நகரவில்லை. இரண்டு பேரும் மூச்சு வாங்க ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் பக்கம் பேசுவது என்று எனக்கே தெரியவில்லை.

"நீங்க எங்கயும் வர வேணாம் பீபிம்மா" என்றாள் செல்லம்மாள். "குப்பைதானே? அது வரும் உங்ககிட்ட." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லை வழியாக ஓடினாள். மேஸ்திரி தெரு வழியாக அவளைவிட வேகமாக ஓடினார் என்று அப்புறம் சொன்னார்கள். அந்த வயதில் அந்தத் தொப்பையோடு.

வண்டி புறப்பட்டுப் போய்விட்டதா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். மத்தியான லுஹர் தொழுகை முடிந்தது. சோறு ஆறிப்போயிற்று. ஹலீமா புர்காவைக் கழற்றாமல் சுவர் ஓரமாகவே இருந்தாள். கடைசியில் கொல்லைச் சந்தில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. சின்னசாமி புலம்பிக்கொண்டே வந்தான். "பாதி ரோட்டுல மறிச்சி திருப்பிட்டாங்க. சூளைக்காரன் என்னைத்தான் திட்டப் போறான். இன்னாமா பண்ணப் போறீங்க இந்தக் குப்பைய?" என்று கேட்டபடி, வண்டியைப் பின்னால் தள்ளி அப்படியே கொல்லையில் கவிழ்த்தான். ஆண்கள் வெளியே போய்ப் படலைச் சாத்திக்கொண்டார்கள்.

இடுப்பு உயரத்துக்குத் தோல் துண்டுகள். வால் ஓரம், கால் ஓரம், கழுத்து ஓரம், எல்லாம் ஒன்றாய்ப் பின்னிக் கிடந்தன. பட்டையும் எண்ணெயும் கலந்த வாடை வீடெல்லாம் ஏறியது. ஹலீமா அதன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் எடுத்துத் தடவ ஆரம்பித்தாள். செல்லம்மாள் உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன். வேறு ஆட்களுடைய வெட்டுகள் வந்தன. பிறை மாதிரி ஒன்று, ஓட்டை ஒன்று. அன்வரி ஆபா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "இந்த வேகத்துல தேடுனா விடிஞ்சிடும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து குந்தினாள்.

முதலில் கண்டுபிடித்தது அவள்தான். ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். மூன்று வெட்டு. "என் பாக்குவெட்டியில போட்ட மாதிரியே இருக்குடி" என்றாள். அப்புறம் அழுதாள். தந்தி வந்த அன்றுகூட அந்தப் பெண்பிள்ளை அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு நிறையக் கிடைத்தன. ஒன்று போதுமே, எடுத்துக்கொண்டு எழுந்திரு என்று நான் ஹலீமாவிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. மூன்று வெட்டு உள்ள துண்டுகளைத் தரையில் வரிசையாக அடுக்கினாள். அடுக்கியதை மாற்றி மாற்றி வைத்தாள். என்ன பார்க்கிறாள் என்று நானும் குனிந்து பார்த்தேன். எல்லா வெட்டும் ஒரே மாதிரி இல்லை. சிலது ஆழமாக, நேராக இருந்தன. சிலது சாய்ந்திருந்தன. சிலது கத்தி வழுக்கின மாதிரி கோணிப் போயிருந்தன.

செல்லம்மாள் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டாள். "இது அவருது இல்ல பீபிம்மா. ஒரே வெட்டுதான் இருக்குது."

"அதைக் கொடு" என்று ஹலீமா கையை நீட்டினாள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு வெட்டு நன்றாக விழுந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று, வெட்டு இல்லை, வெறும் கீறல். கத்தி தோலின் மேல் இழுபட்டுப் போயிருந்தது. மூன்றாவது இல்லை. அதைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் வைத்தாள். அப்புறம், பசைக் கிண்ணத்தோடு உட்காருவாளே, அப்படிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இது மொத நாள், ஆபா" என்றாள். "கை நல்லாயிருக்கு பாருங்க. மூணும் ஒரே அளவு. நாஷ்டா தின்னுட்டு வந்திருக்காரு."

அன்வரி ஆபா மூக்கைத் துடைத்துக்கொண்டு கிட்டே நகர்ந்தாள். "அப்புறம்?" என்றாள்.

"இங்க சாயுது. தலைவலி வந்துட்டுது. நிசார் படுத்துட்டான், இவரு தனியா நின்னு பாக்குறாரு."

"அப்புறம்?"

"இதுல மூணாவது வெட்டு மேலாக்கப் போவுது. நிக்க முடியல. உக்காந்துகினு வெட்டுறாரு."

"தண்ணி கிண்ணி யாராவது குடுத்தாங்களாடி அவனுக்கு?"

ஹலீமா வரிசையைப் பார்த்தாள். ஒரு துண்டைத் தொட்டாள். "குடுத்திருக்காங்க, ஆபா. இதோ, இது மறுபடியும் நேரா விழுந்திருக்கு. தண்ணி குடிச்சிட்டுத்தான் வெட்டியிருக்காரு."

செல்லம்மாள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அன்வரி ஆபா மட்டும் வரிசையின் கடைசித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்று கேட்டாள்.

ஹலீமா அந்தத் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். "அப்புறம் இல்ல, ஆபா. இங்கதான் கத்தியக் கீழ வெச்சாரு."

அந்தத் தேன் நிறத் தோலை மறுநாளே மேஸ்திரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஒற்றை வெட்டுத் துண்டை நாக்பூர் பக்கத்தில் வைத்தாள். பசை பிடிக்காது என்று ஓரத்தைச் சுற்றித் தைத்தாள். ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்தது அன்வரி ஆபாதான்.